இன்புட் கிரெடிட்: பில்லில் கட்டிய ஜிஎஸ்டி எப்போது உங்கள் பணம், எப்போது இல்லை?

சிறுதொழில் செய்கிற நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஜிஎஸ்டி பற்றி இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். “விக்கிறதுல 18 பர்சென்ட் அரசாங்கத்துக்கே போயிடுது, அப்புறம் நமக்கு என்ன மிஞ்சும்?” என்பது ஒன்று. “பில் இருந்தா போதும், எல்லாத்துக்கும் இன்புட் எடுத்துக்கலாம்” என்பது இன்னொன்று. முதல் வாக்கியம் தவறு. இரண்டாவது வாக்கியம் பாதிதான் சரி. தவறான மீதிப் பாதிக்குத்தான் நோட்டீஸ் வருகிறது.

இரண்டு குழப்பமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. கடைத்தெருவில் ‘இன்புட்’, ஆடிட்டர் அலுவலகத்தில் ‘ஐடிசி’, அரசு ஆவணத்தில் ‘உள்ளீட்டு வரி வரவு’ என்று மூன்று பெயரில் புழங்கும் அந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், ஜிஎஸ்டியில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

## முதலில் ஒரு வசூல் கணக்கு

கூட வேலை செய்பவருக்குக் கல்யாணம். எல்லோரிடமும் வசூலித்து, பரிசுப் பொருளுக்கான 1,440 ரூபாயைக் கடையில் கட்டும் பொறுப்பு உங்களுக்கு. வசூல் தொடங்கும் முன்பே கடைக்காரர் அட்வான்ஸ் கேட்டதால், 900 ரூபாய் கைக்காசு போட்டு, அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். பிறகு வசூல் 1,440 ரூபாயும் வந்து சேர்ந்தது. இப்போது கடையில் எவ்வளவு கட்டுவீர்கள்? 540 ரூபாய். மீதி 900 ரூபாயை, ஏற்கெனவே போட்ட கைக்காசுக்காக நீங்கள் வைத்துக்கொள்வீர்கள்.

இந்தச் சின்னக் கணக்கில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வசூலான 1,440 ரூபாய் ஒரு நிமிடம்கூட உங்கள் வருமானம் இல்லை; உங்கள் பையில் இருந்த பிறர் பணம். நீங்கள் வைத்துக்கொண்ட 900 ரூபாய் சலுகையோ மானியமோ இல்லை. நீங்கள் முன்கூட்டிக் கொடுத்தது. மூன்றாவதுதான் முக்கியம். கொண்டுபோனவர் அந்த 900 ரூபாயைக் கடையில் கொடுக்கவே இல்லை என்றால்? கடைக்காரர் உங்களிடம் 1,440 ரூபாய் முழுதாகக் கேட்பார். “நான் கொடுத்தனுப்பினேனே” என்பது அவருக்குப் பதில் ஆகாது.

ஜிஎஸ்டியில் கடைக்காரர் இடத்தில் அரசு. கொண்டுபோனவர் இடத்தில், உங்களுக்குச் சரக்கு விற்றவர்.

## பீரோ பட்டறையில் அதே கணக்கு

இரும்புத் தகடு வாங்கி பீரோ செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தகட்டுக்கும் 18 சதவீதம், இரும்பு பீரோவுக்கும் 18 சதவீதம் என்பதால் கணக்கு சுலபம்.

தகடு வியாபாரி போட்ட பில்: சரக்கு 50,000, ஜிஎஸ்டி 9,000, மொத்தம் 59,000 ரூபாய். பட்டறைக்காரர் பீரோக்களைச் செய்து ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போட்ட பில்: சரக்கு 80,000, ஜிஎஸ்டி 14,400, மொத்தம் 94,400 ரூபாய். கடைக்காரர் அவற்றை வீட்டுக்காரர்களுக்கு விற்றது: 1,00,000, ஜிஎஸ்டி 18,000.

விற்கும்போது வாங்குபவரிடம் வசூலிக்கும் வரியை ‘வெளியீட்டு வரி’ என்கிறோம். பட்டறைக்கு அது 14,400. தொழிலுக்காக வாங்கும்போது கொடுத்த வரி ‘உள்ளீட்டு வரி’, இங்கே 9,000. முன்னதில் பின்னதைக் கழித்துக்கொள்ளும் உரிமைதான் ‘உள்ளீட்டு வரி வரவு’, அதாவது இன்புட் கிரெடிட். பட்டறை பணமாகக் கட்ட வேண்டியது 14,400 கழித்தல் 9,000, ஆக 5,400 ரூபாய். கடைக்காரர் கட்ட வேண்டியது 18,000 கழித்தல் 14,400, ஆக 3,600. தகடு வரையில் 9,000 ஏற்கெனவே வந்துவிட்டது. கூட்டிப் பாருங்கள்: 9,000 + 5,400 + 3,600 = 18,000. கடைசியாக வாங்கிய வீட்டுக்காரர் கொடுத்த அதே 18,000தான் துண்டு துண்டாக அரசுக்குப் போயிருக்கிறது. நடுவில் இருந்த யாருடைய கைக்காசும் போகவில்லை.

பட்டறை கட்டிய 5,400 என்பது 30,000 ரூபாயில் 18 சதவீதம். தகடாக வந்ததற்கும் பீரோவாகப் போனதற்கும் இடையே பட்டறை கூட்டிய மதிப்பு அந்த 30,000. “18 பர்சென்ட் போயிடுது” என்பவர்கள் மறப்பது இதைத்தான். ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு நியாயமான வலி இருக்கிறது. ஃபர்னிச்சர் கடைக்காரர் மூன்று மாதம் கடன் சொல்லி வாங்கினாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதைச் சட்டம் கேட்காது. சிறு பட்டறைகளை நெரிப்பது வரி விகிதத்தைவிட இந்த இடைவெளிதான்.

2017 ஜூலை 1-க்கு முன் இந்தக் கழிவு எல்லா இடத்திலும் ஓடவில்லை. தொழிற்சாலையில் மத்திய கலால் வரி. அந்தக் கலாலையும் சேர்த்த விலை மேல் மாநிலத்தின் வாட். தமிழ்நாட்டில் வாட் 2007 ஜனவரி 1-இல் வந்தது. கடைக்காரர் வாட்டில் வாட்டைக் கழிக்கலாம், கலாலைக் கழிக்க முடியாது. வெளிமாநிலத்தில் வாங்கினால் கொடுத்த மத்திய விற்பனை வரியையும் கழிக்க முடியாது. வரி மேல் வரி ஏறியது. ஜிஎஸ்டி செய்த பெரிய வேலை இந்தச் சங்கிலியை ஒன்றாகக் கோத்ததுதான். சங்கிலி என்பதால், ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தவருக்கு வலிக்கும்.

இதுவரை பார்த்தது: வசூலித்த வரியில் கொடுத்த வரியைக் கழித்து மீதியைக் கட்டுவதே முறை. கழிக்கும் உரிமை, உங்கள் பணம் இன்னொருவர் கை வழியாக அரசைச் சேர்ந்திருந்தால்தான் நிலைக்கும்.

## பில் இல்லாமல் வாங்கினால் லாபமா?

“பில்லோட 59,000, பில் வேண்டாம்னா 50,000.” இந்தப் பேச்சைக் கேட்டதும் 9,000 ரூபாய் மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். தாளில் போட்டுப் பார்ப்போம்.

பில்லோடு வாங்கினால்: வந்தது 94,400. தகட்டுக்குப் போனது 59,000, அரசுக்குப் போனது 5,400. கையில் நிற்பது 30,000.

பில் இல்லாமல் வாங்கினால்: வந்தது அதே 94,400. தகட்டுக்குப் போனது 50,000. கழிக்க இன்புட் இல்லாததால் அரசுக்கு முழுதாக 14,400. கையில் நிற்பது அதே 30,000.

ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. “பாதி வரி மட்டும் போடுங்க, 54,500-க்கு முடிச்சுக்கலாம்” என்று பேரம் பேசி, பில்லில்லாமல் வாங்கினால் கையில் நிற்பது 25,500தான்; விற்றவருக்குத்தான் 4,500 லாபம். இத்தோடு முடியவில்லை. பில் இல்லாத 50,000 ரூபாயை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. போதாததற்கு, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிச் சட்டம் பொதுவாகச் செலவாகவே ஏற்பதில்லை. 30,000 சம்பாதித்தவர் 80,000 சம்பாதித்ததாகக் கணக்கு நிற்கும்.

பில்லில்லாச் சரக்கு லாபம் தர ஒரே வழி, நீங்களும் பில்லில்லாமல் விற்பது. அதாவது வரி ஏய்ப்பு. பிடிபட்டால் வரி, வட்டியோடு, ஏய்த்த வரி அளவுக்கோ 10,000 ரூபாயோ, எது அதிகமோ அது அபராதம். “மலிவாகக் கிடைக்குது” என்று தொடங்குபவர்கள் அந்த வழியில்தான் போய் நிற்கிறார்கள். வேறு வழியில் அந்தக் கணக்கு நேராகாது.

## பில் மட்டும் போதாது

இன்புட் எடுக்கச் சட்டம் கேட்பவை சில. முதலாவது சரியான பில். ‘எஸ்டிமேட்’, ‘கொட்டேஷன்’, டெலிவரி சலான் இவை எதுவும் வரி இன்வாய்ஸ் ஆகாது. இன்வாய்ஸில் விற்பவர் எண்ணோடு உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். அது 15 இலக்கம்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து உங்கள் பான் எண், பிறகு மூன்று. கவுன்டரில் எண்ணைச் சொல்ல மறந்து வாங்கிய பில், எவ்வளவு பெரிய தொகையானாலும், வீட்டுக்காரர் வாங்கிய பில்லாகவே பதிவாகும்.

இரண்டாவது, சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரே பில்லுக்கு மூன்று லோடாகச் சரக்கு வந்தால், கடைசி லோடு இறங்கிய பிறகுதான் இன்புட். சரக்கு வந்ததற்குச் சான்றாக லாரி ரசீது, எடைமேடைச் சீட்டு, சரக்கை வண்டியில் அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் ஆகியவற்றைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பல வருடம் கழித்து விசாரணை வரும்போது, “இந்தச் சரக்கு நிஜமாகவே வந்ததா?” என்பதுதான் முதல் கேள்வி. கமிஷனுக்குப் பில் மட்டும் விற்கும் ஆட்கள் இருப்பதால், நேர்மையாக வாங்கியவரும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, விற்றவர் அந்தப் பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றி, அது உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தெரிய வேண்டும். 2பி என்பது உங்களுக்கு யார் யார் என்னென்ன பில் போட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று போர்டல் மாதாமாதம் தயாரித்துத் தரும் பட்டியல். 2022 ஜனவரி 1 முதல், அதில் இல்லாத பில்லுக்கு இன்புட் இல்லை. நான்காவது, விற்றவர் வரியைக் கட்டியும் இருக்க வேண்டும்.

ஐந்தாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணத்தை, வரியோடு சேர்த்து, நீங்கள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். போன வட்டி போனதுதான்.

எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. 2025-26 நிதியாண்டின் பில்லுக்கு 2026 நவம்பர் 30. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால், கதவு அன்றே மூடிவிடும்.

## 11, 14, 20

மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு மூன்று தேதிகள். 11-ஆம் தேதிக்குள் விற்றவர், போன மாதம் தான் போட்ட பில்களையெல்லாம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ரிட்டர்னில் ஏற்றுகிறார். 14-ஆம் தேதி உங்கள் 2பி தயாராகிறது. 20-ஆம் தேதிக்குள், 2பி-யைப் பார்த்து இன்புட் எடுத்து, மீதி வரியைக் கட்டி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ரிட்டர்னைத் தாக்கல் செய்கிறீர்கள்.

விற்றவர் ஒரு வாரம் பிந்தி 18-ஆம் தேதி ஏற்றினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் காணாமல் போகாது. அடுத்த மாத 2பி-யில் வரும். ஆனால் இந்த மாதம் அந்த 9,000 ரூபாயையும் நீங்கள் கைக்காசாகக் கட்ட வேண்டும்.

இன்னொரு நெளிவு இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். அப்படிப்பட்டவரிடம் ஏப்ரலில் வாங்கிய பில், அவர் ஜூலை 13-க்குள் காலாண்டு ரிட்டர்ன் போடும்போதுதான் வெளிவரும். ஜூலை 20-இல் நீங்கள் தாக்கல் செய்யும் 3பி-யில்தான் அதற்கு இன்புட். இடைப்பட்ட மாதங்களில் பில்லை மட்டும் முன்கூட்டி ஏற்ற அவர்களுக்கும் வசதி உண்டு. ஐஎஃப்எஃப் என்று பெயர், அடுத்த மாதம் 13-ஆம் தேதி வரை. “ஐஎஃப்எஃப்-ல ஏத்திடுங்க” என்று மாதாமாதம் ஒரு வாட்ஸ்அப் அனுப்பினால், இரண்டு மாதப் பணம் முடங்காது.

2பி வந்த அன்று செய்ய வேண்டிய வேலையை ஒரு பட்டறையின் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்க்கலாம். கொள்முதல் பதிவேட்டில் அந்த மாதம் 22 பில். 2பி-யை எக்செல்லாக இறக்கினால் 20 பில்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு, விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரித்தொகை இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டும். விடுபட்ட இரண்டில் ஒன்று பெயின்ட் கடை பில்: கடைக்காரர் உங்கள் எண்ணில் 8-க்குப் பதில் பி என்று அடித்திருப்பார், அல்லது எண் இல்லாத சில்லறை விற்பனையில் போட்டிருப்பார். இன்னொன்று காலாண்டுக்காரர் பில். முதலாவதை அவர் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்த வேண்டும். இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரு தனித் தாளில் ‘நிலுவை’ என்று எழுதி வைத்து, ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளிலிருந்துதான் பொருத்தத் தொடங்க வேண்டும். இந்தத் தாள் இல்லாதவர்கள் இழக்கும் இன்புட்தான் நவம்பர் 30-இல் சத்தமில்லாமல் செத்துப்போகிறது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 2பி-யில் இருக்கும், உங்களிடம் பில்லே இருக்காது; யாரோ தவறான எண்ணை அடித்ததால் வந்த அடுத்தவர் சரக்கு. “சிஸ்டம்லயே வந்திருக்கே” என்று எடுத்துவிடாதீர்கள். 2பி-யில் தெரிவது நிபந்தனைகளில் ஒன்றுதான். சரக்கும் பில்லும் இல்லாத இடத்தில் உரிமை இல்லை.

சுருக்கமாக: பில், சரக்கு, 2பி, விற்றவர் கட்டிய வரி, 180 நாளுக்குள் நீங்கள் கொடுத்த பணம். இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் இன்புட்.

## மூன்று பைகள்

மாநிலத்துக்குள் விற்றால் 18 சதவீதம் இரண்டாகப் பிரியும்: மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 9, மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி 9. மாநிலம் தாண்டி விற்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 18. நீங்கள் எடுக்கும் இன்புட்டும் இதே மூன்று பைகளில் தனித்தனியாக விழுகிறது.

ஐஜிஎஸ்டி பையில் இருப்பதை முதலில் ஐஜிஎஸ்டிக்கும், மீதியை மற்ற இரண்டுக்கும் கொடுக்கலாம். சிஜிஎஸ்டி பை சிஜிஎஸ்டிக்கு, மிஞ்சினால் ஐஜிஎஸ்டிக்கு. எஸ்ஜிஎஸ்டியும் அப்படியே. சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் மட்டும் ஒன்றுக்கொன்று கைமாறாது. சேலத்துப் பட்டறை அதே பீரோக்களைப் பெங்களூருக் கடைக்கு அனுப்பினால் 14,400 ஐஜிஎஸ்டி. தகட்டில் கிடைத்த சிஜிஎஸ்டி 4,500, எஸ்ஜிஎஸ்டி 4,500 இரண்டையும் அதில் கழித்து, அதே 5,400 கட்டலாம்.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. பெங்களூருக்கு ஆர்டர் பிடிக்கப் போனவர் விடுதியில் தங்கி, தன் 33-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்து பில் வாங்குகிறார். விடுதி வாடகைக்கு வரி, விடுதி இருக்கும் மாநிலத்துக்கு உரியது. எனவே பில்லில் இருப்பது கர்நாடகத்தின் எஸ்ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுப் பதிவில் அந்தப் பில்லுக்கு இன்புட் கிடையாது, சிஜிஎஸ்டி பாதிக்கும் சேர்த்துத்தான்.

பையில் மிஞ்சியதைப் பணமாகத் திரும்பக் கேட்கலாமா? ஏற்றுமதி செய்பவர்களுக்கும், வாங்கும் பொருளின் வரி விகிதம் விற்கும் பொருளின் விகிதத்தைவிட அதிகமாக இருப்பவர்களுக்கும்தான் பொதுவாக அந்த வழி. மற்றவர்களுக்கு அது அடுத்த மாதத்துக்குப் போகும், அவ்வளவுதான். வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் ஆகியவற்றையும் இன்புட்டிலிருந்து கட்ட முடியாது, பணம்தான்.

## ஒழுங்கான பில் இருந்தும் கிடைக்காதவை

தொழிலுக்காகத்தான் வாங்கினோம், பில் இருக்கிறது, 2பி-யிலும் வந்துவிட்டது. அப்படியும் சட்டம் சிலவற்றைத் தடுத்து வைத்திருக்கிறது. முதலாளியின் காரும் பைக்கும் அதில் முதலிடம்: ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை ஏறும் பயணிகள் வாகனத்துக்கு, கார் விற்பவர், வாடகைக் காரோட்டுபவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் இன்புட் இல்லை. அந்த வண்டியின் இன்ஷூரன்ஸுக்கும் பழுதுச் செலவுக்கும்கூட இல்லை. ஆனால் சரக்கு ஏற்றும் மினி லாரிக்கு உண்டு. கார் வாங்கும்போது ஷோரூமில் “ஜிஎஸ்டி நம்பர் கொடுங்க, இன்புட் எடுத்துக்கலாம்” என்று சொல்வதைக் கேட்டு எடுத்தவர்கள் ஏராளம்.

தீபாவளிக்கு வாடிக்கையாளருக்குக் கொடுத்த பரிசு, இலவச சாம்பிள், திருட்டுப்போன சரக்கு, தீயில் கருகிய சரக்கு, இவற்றுக்கு எடுத்திருந்த இன்புட்டைத் திருப்பிவிட வேண்டும். விருந்துச் சாப்பாடு, கிளப் உறுப்பினர் கட்டணம் இரண்டுக்கும் இல்லை. பட்டறைக்குக் கட்டடம் கட்டிய சிமென்டுக்கும் கம்பிக்கும் இல்லை. வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜுக்கு இல்லை என்று சொல்லவே வேண்டாம், சொல்ல வேண்டியிருக்கிறது.

வெல்டிங் மெஷின், கம்ப்யூட்டர், பட்டறை போன் பில், ஆடிட்டர் கட்டணம் இவற்றுக்கு உண்டு. மெஷினுக்கான வரி முழுவதையும் வாங்கிய மாதமே எடுக்கலாம். ஒரு நிபந்தனை: அந்த வரித்தொகையை மெஷின் விலையோடு சேர்த்து வருமான வரிக்கணக்கில் தேய்மானம் கேட்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

வரி உள்ள பொருளையும் வரிவிலக்குப் பெற்ற பொருளையும் ஒரே கடையில் விற்பவர்கள், இரண்டுக்கும் பொதுவான செலவின் இன்புட்டில் வரிவிலக்கு விற்பனையின் பங்கைத் திருப்ப வேண்டும். அதன் சூத்திரம் நீளமானது, ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

## காம்போசிஷன்காரரும் பதிவு இல்லாதவரும்

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை இருந்தால் ‘காம்போசிஷன்’ என்ற எளிய திட்டத்தில் சேரலாம். உற்பத்தியாளரும் வியாபாரியும் விற்றுமுதலில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, இன்புட்டும் கிடையாது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் முடியாது. “ஒரு பர்சென்ட்தானே” என்பது கவர்ச்சியாக இருக்கும். அது யாருக்குப் பொருந்தும் என்பதை நமது பட்டறையே சொல்லும்.

காம்போசிஷனில் இருந்தால் தகட்டில் போன 9,000 திரும்பாது. கையில் அதே 30,000 நிற்க வேண்டுமானால் பீரோக்களை 89,900 ரூபாய்க்கு விற்க வேண்டும்: தகட்டுக்கு 59,000, ஒரு சதவீத வரி 899, மீதி 30,001. நேரடியாக வீட்டுக்காரருக்கு விற்றால் அவருக்கு 94,400-க்குப் பதில் 89,900, மலிவு. ஆனால் பதிவுள்ள ஃபர்னிச்சர் கடைக்கு? சாதாரணப் பட்டறையிடம் 94,400 கொடுத்தாலும் 14,400 இன்புட்டாகத் திரும்புவதால் அவருக்கு அடக்கம் 80,000. உங்களிடம் வாங்கினால் அடக்கம் 89,900. அவர் உங்களிடம் வாங்க மாட்டார். வாங்குபவர் வீட்டுக்காரரா, பதிவுள்ள தொழில்காரரா என்று பார்த்துவிட்டுத்தான் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விகிதத்தைப் பார்த்து அல்ல.

பதிவே இல்லாதவருக்கும் இதே தர்க்கம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் தாண்டினால் பொதுவாகப் பதிவு கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர் “நான் ஜிஎஸ்டி கட்டுறதில்ல” என்பார். தகடு வாங்கும்போது 9,000 கட்டத்தான் செய்கிறார். அது அடக்க விலையில் ஒளிந்துகொள்கிறது. கட்டாயப் பதிவு வரும்போது, பொறுப்பு ஏற்பட்ட 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், கையிருப்பில் உள்ள சரக்குக்கு முன்பு கொடுத்த வரியையும் எடுக்கலாம், பில் ஓராண்டுக்குட்பட்டதாக இருந்தால். தள்ளிப்போடுபவர்கள் இதை இழக்கிறார்கள்.

## விற்றவர் வரியைக் கட்டாவிட்டால்

முதலில் சொன்ன வசூல் கணக்கில் 900 ரூபாய் கொண்டுபோனவர் நினைவிருக்கிறதா? அவர் ஜிஎஸ்டிஆர்-1-இல் பில்லை ஏற்றிவிட்டு, 3பி போட்டு வரியைக் கட்டாமல் இருந்தால், பில் உங்கள் 2பி-யில் அழகாகத் தெரியும், பணம் மட்டும் அரசுக்குப் போயிருக்காது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள்ளும் அவர் 3பி போடவில்லை என்றால், நீங்கள் எடுத்த இன்புட்டை நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும். 3பி-யில் இதற்கு இடம் 4(பி)(2). அவர் பின்னால் எப்போது கட்டினாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதிக்குள் திருப்பாமல் விட்டால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். காருக்கு எடுத்த இன்புட் போல, என்றைக்கும் கிடைக்காத ஒன்றைத் திருப்ப வேண்டிய இடம் 4(பி)(1). இரண்டையும் மாற்றிப் போட்டால் பிறகு மீட்பது சிரமம்.

தகுதியில்லாத இன்புட்டை எடுத்து, அதைப் பயன்படுத்தியும் விட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. எடுத்தது பையிலேயே தொடாமல் கிடந்து, பிறகு திருப்பினால் வட்டி இல்லை. சந்தேகமான பில் இருந்தால், பையின் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது ஒரு பாதுகாப்பு.

அதைவிட நல்ல பாதுகாப்பு வாங்கும் முன்பே செய்வது. ஜிஎஸ்டி போர்டலில் ‘வரியாளரைத் தேடு’ பகுதியில், லாகின்கூட இல்லாமல், விற்பவரின் எண்ணைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தா, காம்போசிஷனா என்று தெரியும். எந்தெந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் போட்டார் என்ற பட்டியலும் வரும். மூன்று மாதம் 3பி இல்லாதவரிடம் வாங்கினால், அவருடைய வரியையும் நீங்களே கட்ட நேரிடலாம் என்று விலையில் சேர்த்துப் பாருங்கள். புதியவர் என்றால், சரக்கு விலை 50,000 ரூபாயைப் பேசியபடி கொடுத்துவிட்டு, வரி 9,000 ரூபாயைப் பில் 2பி-யில் வந்த பிறகு தருவதாக ஆர்டர் கொடுக்கும்போதே ஒப்புக்கொள்ளுங்கள். ஒழுங்காக ரிட்டர்ன் போடுபவர் இதற்குச் சம்மதிப்பார். பாக்கி 9,000 ரூபாயை 180 நாள் தாண்டவிடாமல் கொடுத்துவிட வேண்டியது உங்கள் பொறுப்பு.